பிஎச்டி மட்டும் போதுமா? உசிலம்பட்டித் தம்பிக்கு

தம்பி, நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்து, உசிலம்பட்டியிலிருந்து அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். "போஸ்ட்மார்ட்டம் பக்கமே போகாமல், லேப் வேலையோடு பிஎச்டி முடித்தால் பேராசிரியர் ஆகலாமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஆராய்ச்சிப் பணி கிடைக்கும். ஆனால் நோய்க்குறியியல் (பெத்தாலஜி) சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால் அந்தப் போஸ்ட்மார்ட்டம் மேசையை விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட பணிகளுக்குப் பெரும்பாலும் ஏசிவிபி என்ற அமெரிக்கக் கால்நடை நோய்க்குறியியலாளர் அமைப்பின் தேர்வு தேறியவர்களைத்தான் தேடுவார்கள். அதற்கு ரெசிடென்சி என்னும் சிறப்புப் பயிற்சி வேண்டும், வழக்கமாக மூன்று வருடம். ரெசிடென்சியும் பிஎச்டியும் சேர்ந்த இடங்களும் உண்டு. உங்கள் துறையிலேயே முதலில் விசாரியுங்கள்.

எனக்கு ஊர் மேலூர்ப் பக்கம். இங்கே வந்த முதல் மாதம், அறுத்தெடுத்த உறுப்புகளைச் சுற்றி நின்று பேசும் ரவுண்டில் ஒரு மாட்டு ஈரலைத் தட்டில் வைத்தார்கள். பார்த்ததும் "ஈரல் புழு" என்றேன். ஆசிரியர், "பெயர் பிறகு. நிறம், அளவு, கெட்டித்தன்மை, எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது, அதைச் சொல்" என்றார். நான் விக்கித்து நின்றேன். நோயின் பெயரை மனப்பாடம் செய்தே வளர்ந்தவளுக்கு, கண் கண்டதை மட்டும் சொல்வது பழக ஒரு வருடம் ஆனது. இரவில் அறையில் உட்கார்ந்து, வாங்கி வந்த கத்தரிக்காயை வெட்டி வைத்து ஆங்கிலத்தில் வர்ணித்துப் பழகினேன். என் பேச்சு வேகமும் அதில்தான் அடங்கியது. இன்று என் மாணவர்களுக்கும் முதல் பாடம் அதுதான்.

நம் ஊரில் பார்த்தது எதையும் குறைவாக நினைக்காதீர்கள். சின்ன வயதில் எங்கள் பசு ஒன்று திடீரென்று செத்தது. மூக்கில் உறையாத கறுத்த ரத்தம். வந்த டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி எடுத்துக்கொண்டு, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். எப்போது கத்தியை எடுக்கக் கூடாது என்பதை அந்தப் பசுவை வைத்துத்தான் வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். அந்த நோயை நேரில் பார்த்த மாணவர் இங்கே அபூர்வம். வகுப்பே அமைதியாகிவிடும்.

ஆராய்ச்சிக்கும் இந்த மேசைதான் தாய்வீடு. பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, பாகிஸ்தானில் அவற்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் கெட்டிருந்தது. கிருமிகளைத் தேடினார்கள், பூச்சிமருந்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கழுகு தின்ற மாட்டுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று விசாரித்தபோதுதான் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து அகப்பட்டது. 2004இல் ஆய்வு வெளிவந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. செல் வளர்ப்புத் தட்டு மட்டும் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. வேலைக்கு நேர்காணல் போகும்போது, வருடத்தில் எத்தனை வாரம் போஸ்ட்மார்ட்டம், ஸ்லைடு பார்க்கும் டியூட்டி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் சேர்ந்து, முதல் மூன்று வருடம் ஸ்லைடு படிப்பதிலேயே போய், கட்டுரை எழுத நேரமின்றித் தவித்தேன்.

இப்போதைக்கு, திங்கட்கிழமை காலை ரவுண்டில் பின்னால் நிற்க அனுமதி கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ரப்பர் பூட்ஸ் அங்கேயே தருவார்கள்.