கங்கைப் படம்

வணக்கம் சார்,

நான் திருவொற்றியூர். பி.காம். இரண்டாம் ஆண்டு. அக்கவுண்ட்ஸ், காஸ்டிங் படிக்கிற நேரத்தில் தமிழ், ஈ.வி.எஸ். என்கிற சுற்றுச்சூழல் பாடம், வேல்யூ எஜுகேஷன் என்று பொதுத்தாள்கள் உயிரை வாங்குகின்றன. கடையில் விற்கும் படங்களை வாங்கி ஒட்டி ஈ.வி.எஸ். ரெக்கார்டு முடிக்கவே ஒரு வாரம் போகிறது. படித்து முடித்தவனுக்கு என்னென்ன வர வேண்டும் என்று சொல்ல, சிலபஸில் ‘கற்றல் விளைவுகள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இதற்குப் பதில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலியும் ஸ்போக்கன் இங்கிலீஷும் வைத்தால் வேலையாவது கிடைக்கும். நான் சொல்வது தவறா?

ர.

அன்புள்ள தம்பி,

டேலி படி. இங்கிலீஷும் பேசிப் பழகு. தமிழ்த்தாளைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடுவோம். கடையில் வாங்கி ஒட்டும் படம் என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சுற்றுச்சூழலை எல்லோருக்கும் கட்டாயமாகச் சொல்லித்தர வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. அதில் நூற்றுக்கு 25 மதிப்பெண் களப்பணிக்கு. உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தை நேரில் போய்ப் பார் என்று அதில் எழுதியே இருக்கிறது. உன் வீட்டிலிருந்து எண்ணூர் எத்தனை தூரமடா? நீ படம் ஒட்டிக்கொண்டிருக்கிறாய்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தபோது, அங்கே குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆற்றில் ஆட்கள் பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை கறுப்பு. வீட்டுக்குள் வெள்ளம் வடிந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. நனைந்த சாமான்களோடு வாசலில் அக்கா மகனின் ஈ.வி.எஸ். ரெக்கார்டும் காய்ந்துகொண்டிருந்தது. திறந்தேன். ‘கங்கை மாசுபாடு’ என்று ஒரு கலர்ப் படம். அதை மூலக்கடையில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். நம் கொசஸ்தலையாறு இருக்க, எதற்குக் கங்கை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அதிகம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. கூடக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அக்கா மகன் பி.காம். முடித்தவன். “நீங்களே எழுதிக் கொடுங்க மாமா” என்றான். “வலைக்குத் தேய்மானம் போடத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினேன். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் உட்கார்ந்தான். வலை வாங்கிய விலை, இன்னும் எத்தனை வருஷம் உழைத்திருக்கும், தொழிலுக்குப் போகாத நாள் எத்தனை, இறால் கிலோ என்ன விலை. இரண்டு பக்கம். அக்கவுண்ட்ஸும் ஈ.வி.எஸ்.ஸும் ஒரே தாளில். பரீட்சையில் அப்படி ஒரு கேள்வி அவனுக்கு வந்ததே இல்லை. சிலபஸில் அச்சடித்த விளைவுகளை நானும் படித்திருக்கிறேன். மூன்று வருஷம் படித்தவன் இந்த இரண்டு பக்கத்தைத் தானாக எழுதுவானா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் ஏறு. விம்கோ நகர், கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். முகத்துவாரத்துக்குப் போ. அலையாத்திச் செடிகளின் அடியில் இன்னும் கறுப்பு இருக்கிறதா பார். இறால், நண்டு இப்போது எவ்வளவு கிடைக்கிறது, முன்பு எவ்வளவு கிடைத்தது என்று வலை பின்னுகிறவர்களிடம் கேள். அவர்கள் சொன்ன கணக்கை அப்படியே எழுது. படம் எதுவும் ஒட்டாதே. காலேஜில் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு.