பந்து வந்து சேருமுன்: செர்ஹியோ புஸ்கெட்ஸ் பற்றிய கேள்வி பதில்

பார்சிலோனா (சுருக்கமாக பார்சா) கால்பந்து கிளப்புக்கும் ஸ்பெயினுக்கும் ஆடிய மிட்ஃபீல்டர் புஸ்கெட்ஸ் 2025 முடிவில் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: பார்சாவுக்கு 722 மேட்ச் ஆடி வெறும் 18 கோல். இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?

ப: கோல் கணக்கை வைத்து இவரை அளந்தால் ஒன்றும் பிடிபடாது. கிளப் வரலாற்றில் இவரைவிட அதிக மேட்ச் ஆடியவர்கள் மெஸ்ஸியும் (778) சாவியும் (767) மட்டும்தான். இவருடைய இடம் பிவோட்: இரண்டு சென்டர் பேக்குகளுக்கு (நடுவில் நிற்கும் தடுப்பு வீரர்கள்) முன்னால் தனியாக நிற்கும் ஆள். ஓரங்களில் நிற்கும் ஃபுல் பேக்குகள் மேலே ஏறியதும் சென்டர் பேக்குகளுக்கு நடுவே இறங்கி மூன்றாவது ஆளாகிவிடுவார். எதிரணியில் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் துரத்தினாலும் பின்னால் ஓர் ஆள் கூடுதல். அந்த ஒரு ஆளை வைத்துத்தான் பார்சாவின் மொத்த ஆட்டமும் தொடங்கும்.

கே: கீப்பர் மகன் என்பதால் சுலபமாக உள்ளே வந்தவரா?

ப: அப்பா கார்லெஸ் புஸ்கெட்ஸ் பார்சாவின் கீப்பர் என்பது உண்மை. ஆனால் மகன் சின்ன வயதிலிருந்தே பார்சாவின் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவில் வளர்ந்தவர் அல்ல. 1988 ஜூலை 16இல் சபடெல்லில் பிறந்தார். பார்சாவின் இளையோர் அணிக்கு 2005இல்தான் வந்தார். 2007-08இல் குவார்டியோலா பயிற்சியில் கிளப்பின் இரண்டாம் அணியான பார்சா பி நான்காம் நிலை லீக்கில் ஆடியபோது அதில் இருந்தார். 2008 செப்டம்பர் 13இல் ரேசிங் சாண்டாண்டருக்கு எதிராக ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவில் அறிமுகம். அந்த சீசன் முடிவில், ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பிவோட்டாக ஆடியது இவர்தான். அந்த இடத்தின் வழக்கமான ஆள் யாயா டூரே அன்று சென்டர் பேக்.

கே: வேகமும் இல்லை, உடம்பும் ஒல்லி. எப்படி பந்தைப் பறிகொடுக்காமல் இருந்தார்?

ப: பந்து வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுவார். முதலில் தலை. இரண்டு தோள்களுக்குப் பின்னாலும் பார்த்துவிடுவார். எப்போது பார்க்கிறார் என்பதில்தான் விஷயம். ஒரு சகவீரர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் பந்து போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பார்ப்பார். அந்த நொடியில் பந்து திசை மாறாது, கண்ணை எடுத்தாலும் நஷ்டமில்லை. அடுத்தது உடம்பு. பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நிற்காமல், பாதி திரும்பி நின்று, தள்ளியிருக்கும் காலில் வாங்குவார். ஒரே தொடுதலில் முன்பக்கம் பார்த்தாயிற்று.

பலர் வியக்கும் அந்த உள்ளங்கால் இழுப்பு கடைசியாக வருவது. வருகிறவனுக்குப் பந்தைக் காட்டுவார். அவன் கால் நீட்டும்வரை காத்திருப்பார். நீட்டிய பிறகே இழுப்பார். எதிரி இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருக்கும்போது இதைச் செய்தால் வெறும் வித்தைதான், பலன் இல்லை. காப்பியடிக்கும் பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

கே: 2010 உலகக் கோப்பையில் இவரைப் போலவே தற்காப்பு மிட்ஃபீல்டரான சாபி அலோன்சோவையும் இவரையும் சேர்த்து ஆடவைத்தது தேவைதானா?

ப: முதல் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்திடம் 0-1 தோற்றதும் ஸ்பெயினில் எழுந்த கேள்வியே இதுதான். பயிற்சியாளர் டெல் போஸ்கே மாற்றவில்லை. ஏழு ஆட்டங்களில் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. நாக் அவுட் நான்கும் 1-0. அழகு குறைந்தது என்பவர்களோடு சண்டை போட முடியாது, ஆனால் அந்தக் கோப்பை வந்தது இந்த இருவர் போட்ட பூட்டினால்தான்.

கே: 2018க்குப் பிறகு ஆள் முடிந்துவிட்டார் என்றார்களே?

ப: சாம்பியன்ஸ் லீக்கில் ரோமாவிடம் 0-3, ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 0-4, லிஸ்பனில் பயர்னிடம் 2-8. மூன்றிலும் ஆடினார், மூன்றிலும் திணறினார். வயதின் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருபது வயதிலும் அவர் வேகமானவர் இல்லையே! மாறியது அவரைச் சுற்றியிருந்த அமைப்பு. குவார்டியோலா பார்சாவின் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பந்து போனதும் முன்வரிசை உடனே பாயும். எதிரணி அவசரத்தில் தட்டிவிடும் பந்தை நாலு அடி நகர்ந்து பொறுக்கினால் போதும். முன்வரிசை நடக்க ஆரம்பித்ததும் அதே ஆள் அரை மைதானத்தைத் தனியாகக் காக்க வேண்டிவந்தது. சாவி பார்சாவின் பயிற்சியாளரான பிறகு பக்கத்தில் மிட்ஃபீல்டர் டி யோங்கை நிறுத்தி, இன்னொரு மிட்ஃபீல்டர் காவியை இடது பக்கத்திலிருந்து உள்ளே இழுத்து, நடுவே நால்வரை வைத்தார். 2022-23இல் 38 லீக் ஆட்டங்களில் வாங்கியது 20 கோல், பட்டமும் கிடைத்தது.

கே: நடிகர் என்றும் பேர் உண்டே அண்ணே?

ப: உண்டு, மறைக்க முடியாது. 2010 ஏப்ரலில் இத்தாலியின் இன்டர் கிளப்புடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. இன்டரின் தியாகோ மோட்டாவின் கை பட்டதும் முகத்தைப் பொத்தி விழுந்து, விரலிடுக்கில் எட்டிப் பார்த்தார். மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. இறுதிக்குப் போனது என்னவோ இன்டர்தான்.

கே: கடைசிக் காலம்?

ப: 143 ஆட்டங்களோடு 2022 டிசம்பரில் ஸ்பெயின் அணியிலிருந்து விலகினார். கடைசி ஆட்டம் உலகக் கோப்பையில் மொராக்கோவிடம் பெனால்டியில் தோற்றது. இவர் அடித்ததை மொராக்கோ கீப்பர் போனோ தடுத்தார். பிறகு அமெரிக்காவின் இன்டர் மியாமி கிளப். 2025 டிசம்பரில் வான்கூவரை 3-1 வென்று அங்கத்திய லீக்கான எம்எல்எஸ்ஸின் கோப்பையோடு முடித்துக்கொண்டார்.

கே: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். இவரிடமிருந்து எதை எடுக்கலாம்?

ப: நாலுக்கு இரண்டு ரோண்டோ (சுற்றி நிற்கும் நால்வர், நடுவில் துரத்தும் இருவரிடம் சிக்காமல் பந்தைக் கடத்தும் பயிற்சி), எட்டு மீட்டர் சதுரம். நடுவில் ஒரு பிவோட்டைச் சேர்த்து, அவனுக்கு இரண்டு தொடுதல் மட்டும் அனுமதியுங்கள். நீங்கள் அவன் முதுகுப்பக்கம் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து காலுக்கு வருமுன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்து காலுக்கடியில் ஓடிப்போகும், திட்டாதீர்கள். பந்து இன்னொருவன் காலடியில் நிற்கும்போது திரும்பிப் பார்க்கிறான், அதனால்தான். பந்து கிளம்பிய பிறகு பார் என்று மட்டும் சொல்லுங்கள்.