கம்பெனி வேலையில் சேர்ந்தால் கோட்டா போய்விடுமா?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தார். வயது 39, சேவை 20 ஆண்டு, படிப்பு பத்தாம் வகுப்பு. இன்னும் நான்கு மாதத்தில் பென்ஷன் வருகிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடுகிறது. அதில் சேர்ந்தால் வங்கி கிளார்க் தேர்வில் முன்னாள் படைவீரர் கோட்டா கிடைக்காது என்கிறார் ஊரில் ஒருவர். 80,000 கொடுத்தால் கோட்டாவில் ஏற்றிவிடுவதாகவும் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கோட்டா எங்கும் போகாது, தம்பி. கம்பெனியில் சேருங்கள். அந்த ஆளுக்கு எண்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கோட்டாவைப் பயன்படுத்தி நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்தால்தான் அந்த உரிமை தீரும். தனியார் கம்பெனி, காண்ட்ராக்ட் வேலை எதுவும் கணக்கில் வராது. வயதும் தடையில்லை: சேவை செய்த ஆண்டுகளைக் கழித்துத்தான் வயதைப் பார்ப்பார்கள். 39இல் 20 கழித்தால் 19, அதற்கு மேல் 3 ஆண்டுச் சலுகை வேறு. பதினைந்து வருஷ சேவைக்குக் கொடுக்கும் பட்டப்படிப்புச் சமானச் சான்றைக் கையோடு வாங்கி வாருங்கள். அது டிகிரி அல்ல. கிளார்க் மாதிரியான குரூப் சி வேலைகளுக்கு மட்டும் உதவும். மாநில அரசு விதி வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.

‘ஏற்றிவிடுகிறேன்’ என்பவர்களின் தொழில் ரகசியம் இதுதான். பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். அதில் இரண்டு பேர் ராத்திரி பகலாகப் படித்துத் தாங்களே பாஸாவார்கள். ‘பார்த்தியா, நான் செஞ்சது’ என்று காட்டி அடுத்த இருபது பேரைப் பிடிப்பார்கள். மீதி எட்டுப் பேருக்கு ‘அடுத்த தடவை நிச்சயம்’. பொதுத்துறை வங்கி கிளார்க் இடங்களில் நம்மவர்களுக்கு 14.5% ஒதுக்கீடு விதியிலேயே இருக்கிறது. இருப்பதை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? அசல் டிஸ்சார்ஜ் புக்கையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். நான் பென்ஷன் வந்த புதிதில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் ‘வெரிபிகேஷனுக்கு’ என்று கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன். ஜெராக்ஸ் போதும்.

ஒரே ஒரு இடத்தில்தான் உண்மையிலேயே சறுக்கலாம். வங்கி ரிசல்ட் வருவதற்குள் வேறொரு மத்திய அரசு வேலை, உதாரணமாகத் தபால் துறையில், கோட்டாவில் கிடைத்துவிடுகிறது என்று வையுங்கள். சேர்ந்துவிட்டால் வங்கி போச்சா? போகாது. சேருவதற்கு முன்பே வங்கிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். சேர்ந்தவுடன், எந்தெந்த வேலைக்கு எந்தெந்தத் தேதியில் விண்ணப்பித்தேன் என்று அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் வந்த உத்தரவு இது. எழுதிக் கொடுக்காதவன் கதை அங்கேயே முடிந்தது. இதை டிஸ்சார்ஜ் சமயத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. கேண்டீன் கார்டுக்கு எத்தனை போட்டோ என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்கள். சேருகிற அலுவலகத்திலும் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்களே எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள்.

இப்படி எழுதி வைப்பது எனக்குக் கஷ்டமாக இல்லாததற்குக் காரணம் எங்கள் சுபேதார் சாகிப். கார்கில் பக்கம் ஒரு போஸ்டில் குளிரில் பேனா எழுதாது. அவர் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு சின்ன நோட்டும், கத்தியால் சீவிய பென்சிலும் வைத்திருப்பார். ரோந்து முடிந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே எழுத வைப்பார். “எழுதாத ரோந்து போகாத ரோந்துடா” என்பார். ஒருநாள் அந்த நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். யார் அம்மாவுக்கு ஆபரேஷன், யார் தங்கைக்குக் கல்யாணம், யார் ஊருக்குப் போய் எத்தனை மாசம் என்று வரிசையாக இருந்தது. லீவு கேட்டு யாரும் அவரிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஒரகடத்துக்கும் அந்தப் பின்பக்கத்தைத்தான் எடுத்துப் போங்கள். ரோல் கால் குரல் அங்கே எடுபடாது. சத்தம் போட்டால் பையன் மறுநாளே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான். அவனைப் பிடித்துவைக்க ஆர்மி ஆக்ட் கிடையாது. நைட் ஷிப்டில் எவன் கேண்டீன் மூடிய பிறகு பசியோடு வருகிறான் என்று முதல் வாரத்தில் தெரிந்துகொள்ளுங்கள். பயோடேட்டாவிலும் ‘செக்ஷன் கமாண்டர்’ என்றால் அங்கே யாருக்கும் புரியாது. பத்துப் பேரின் வேலை, லீவு, ஆயுதக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது என்று எழுதுங்கள்.

பென்ஷனுக்கு ஒரு வருஷத்துக்குள் இருப்பவர் விண்ணப்பிக்கலாம், அதனால் இப்போதே தொடங்கிவிடுங்கள். நோட்டு ஒன்று வாங்கி, வேலை, தேதி, விண்ணப்ப எண் எல்லாம் குறித்து வையுங்கள். 80,000 கேட்டவர் பெயரும் கேட்ட தேதியும்கூட அதில் இருக்கட்டும். நாளைக்கு எவனாவது ஏமாந்து போலீசுக்குப் போனால் தேவைப்படும்.