மொட்டை மாடிக்குக் கீழ ஒரு வாடகை வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். சென்னை சேலையூர்ல மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம், எங்க தலைக்கு மேல மொட்டை மாடிதான். பகல்ல கூட எப்படியோ சமாளிச்சிடுறோம், ராத்திரி 10 மணிக்கு மேலதான் கொடுமை, சீலிங்ல இருந்து அனல் இறங்குது, ஃபேன் போட்டா அந்த அனலைத்தான் தள்ளுது. ஏசிக்கு சுவத்துல ஓட்டை போட ஓனர் விட மாட்டேங்குறார். அடுத்த வருஷம் காலி பண்ணாலும் பண்ணுவோம், பெருசா செலவு பண்ணவும் மனசு வரல. என்ன செய்யலாம்? (வாசகி, சேலையூர்)

பதில்: உங்க லெட்டரைப் படிச்சதும் நான் 7 வருஷம் குடியிருந்த மடிப்பாக்கம் வீடுதான்மா கண்ணு முன்னாடி வந்துச்சு, அதுவும் மேல் மாடிதான், மே மாசம் முழுக்க குழந்தைங்க ராத்திரி எழுந்து எழுந்து உக்காரும்.

முதல்ல ஏன் ராத்திரி கொதிக்குதுன்னு புரிஞ்சிக்கங்க. காலைல 10ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் தளம் வெயிலைக் குடிச்சிக்கிட்டே இருக்கு, வெறும் சிமெண்ட் தரை 60 டிகிரிக்கு மேலயும் போகும். அஞ்சு இஞ்ச் கான்கிரீட்டைத் தாண்டி அந்த சூடு கீழ வந்து சேர 4, 5 மணி நேரம் பிடிக்கும், அதனால வெளிய வெயில் தணிஞ்ச பிறகுதான் உங்க சீலிங் அடுப்பு மாதிரி ஆகுது. இதுல ரூமுக்குள்ள நீங்க என்ன வாங்கி வச்சாலும் மேல இருந்து சூடு வந்துக்கிட்டேதான் இருக்கும். வெயில் தளத்துக்குள்ள ஏர்றதுக்கு முன்னாடி வெளியிலயே மறிக்கணும், காசை அங்க போடுங்க.

மலிவான வழி சுண்ணாம்பு. ஊற வச்ச சுண்ணாம்புல கொஞ்சம் ஃபெவிகாலும் வெள்ளை சிமெண்ட்டும் கலந்து, மாடியை நல்லா பெருக்கிக் கழுவிக் காய விட்டு, விடிகாலைல ரெண்டு மூணு கோட்டு அடிக்கணும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும், வீட்டுக்குள்ள ரெண்டு மூணு டிகிரியாவது குறையும், ராத்திரி தூங்குறதுக்கு அந்த ரெண்டு மூணு டிகிரிதான் வேணும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீங்களே நீத்துறதா இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, தண்ணி பட்டதும் கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம், குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க. இது ஒரு சீசனுக்குத்தான், ஐப்பசி மழைல பாதி கரைஞ்சிடும். கடைல கூல் ரூஃப் பெயிண்ட்டுன்னு விக்கிறாங்க, அது சில வருஷம் நிக்கும், ஆனா அந்த செலவு ஓனர் செய்யணும், நீங்க இல்ல. அவர்கிட்ட பேசுறப்ப தளத்துக்கும் நல்லதுன்னு சொல்லுங்க, சூட்டுல விரிஞ்சு ராத்திரில சுருங்கித்தான் தளத்துல விரிசல் விழுது, வெள்ளை அடிச்சா அதுவும் குறையும். தெலுங்கானால 2023லயே கூல் ரூஃபுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துட்டாங்க, அதையும் சொல்லுங்க. அவர் சரின்னா ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது வாங்கி வச்சிக்கங்க, நாளைக்கு காலி பண்றப்ப மாடியைக் கெடுத்துட்டீங்கன்னு அட்வான்ஸ்ல பிடிக்கக் கூடாது இல்லையா.

மாடில ஈர சாக்கு போடுறது, தண்ணி கட்டி நிறுத்துறது இதெல்லாம் வேணாம். குளிர்ச்சி நிஜம்தான், ஆனா வாடகை வீட்ல ஒழுகுச்சுன்னா பழி உங்க மேல. தென்னங்கீத்து பரப்புறதும் வேணாம், பக்கத்துல ஒரு பட்டாசுப் பொறி போதும். அதுக்குப் பதிலா பச்சை நெட் கட்டலாம், ஆனா தரையோட விரிக்காம ஆள் உயரத்துக்கு மேல கட்டுங்க, நடுவுல காத்து ஓடணும்.

அடுத்தது மேற்குப் பக்க ஜன்னல். நாம எல்லாரும் உள்பக்கம் கெட்டி ஸ்க்ரீன் போடுறோம், அதுக்குள்ள வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சு, ஸ்க்ரீன் சூடாகி அந்த சூடு ரூமுக்குள்ளயேதான் நிக்கும். மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் க்ரில்லுல கட்டித் தொங்க விடுங்க, ஆணி வேணாம் ட்ரில் வேணாம், போறப்ப சுருட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

ஜன்னலைத் திறக்குற நேரமும் முக்கியம்மா. நாள்லயே குளுமையான நேரம் விடியக் காலை, 5 மணில இருந்து 8 வரைக்கும் எல்லா ஜன்னலும் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை மேற்கு ஜன்னல்ல வெளியப் பாத்து வைங்க, உள்ள இருக்குற சூட்டை அது வெளிய தள்ளும், எதிர் ஜன்னல் வழியா புதுக் காத்து வரும். கிச்சன் எக்ஸாஸ்ட்டும் இதே வேலையைச் செய்யும், சமையலுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 9 மணிக்கு மேல வெயில் பக்கம் சாத்திடுங்க. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து எறங்குனதும் கிழக்குப் பக்கம் திறங்க. அது லேட்டா வர்ற நாள்லதான் சென்னை கொதிக்கும், அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் மூடியே வைங்க.

ஃபேன் விஷயம் சொல்றேன். மெதுவா சுத்துதுன்னா முதல்ல கண்டென்சரைப் பாக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்தான் இருக்கும், ரொம்பச் சின்ன செலவு, மாத்துனதும் புது ஃபேன் மாதிரி சுத்தும். புதுசா வாங்குறதா இருந்தா பிஎல்டிசி ஃபேன் வாங்குங்க, பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்குற இடத்துல இது 30 வாட்ஸ்தான், தினம் 15 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம், வீடு மாறுனா கழட்டி எடுத்துட்டும் போகலாம். ஆனா மேல் மாடில ராத்திரிக்கு ஜன்னல் ஓரமா வைக்கிற ஸ்டேண்ட் ஃபேன்தான் சுகம், சீலிங் ஃபேன் மேல தேங்கி இருக்குற சூட்டைத்தானே இறக்குது. படுக்குறதுக்கு ஃபோம் மெத்தையை ஓரம் கட்டிட்டு கோரைப்பாயோ இலவம்பஞ்சு மெத்தையோ போட்டு தரைல படுங்க, தரையோரம் எப்பவும் கொஞ்சம் குளுமைதான்.

கேள்வி: மதுரைல இருக்கோம். 40 லிட்டர் ஏர் கூலர் வாங்கி கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு ஐஸ் போட்டு ஓட்டுறோம், அரை மணி நேரத்துல ரூமே பிசுபிசுன்னு ஆகிடுது. கூலர் சரியில்லையா? (வாசகர், மதுரை)

பதில்: கூலர் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஜன்னலைத் திறங்க. இது ஏசி இல்ல, தண்ணி ஆவியாகுறப்ப காத்துல இருக்குற சூட்டை இழுத்துக்குது, அவ்வளவுதான் அதோட வேலை. மூடின ரூம்ல காத்து முழுக்க ஈரம் ஏறிட்டா அதுக்கு மேல ஆவியாக இடமே இல்ல. கூலரோட முதுகு ஜன்னல் பக்கம் வெளிக்காத்தைப் பாத்து இருக்கணும், எதிர்ல ஒரு கதவோ ஜன்னலோ பாதி திறந்து இருக்கணும். ஐஸுக்கு அலையாதீங்க, ஒரு கிலோ ஐஸ் உருகி இழுக்குற சூட்டை விட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகி இழுக்குற சூடு சுமார் 7 மடங்கு. மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட வெயில் அடிக்கிற ஊருக்கு கூலர் அருமையான சாமான், வெட்டிவேர் தட்டில தண்ணி தெளிக்கிறதும் அதே கணக்குதான். சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்க்காரங்க வாங்கி ஏமாறாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது தொட்டித் தண்ணியைக் கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க, டெங்கு கொசு வளர்ற இடமே இது மாதிரி நல்ல தண்ணிதான்.

கேள்வி: ஓனர் ஒருவழியா ஸ்ப்ளிட் ஏசிக்கு சரின்னுட்டார். எதைக் கவனிக்கணும்? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: பழைய வீடுன்னா வயரிங்கைப் பாருங்க முதல்ல. ஏசிக்கு தனி லைன், தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்), 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் வேணும், டிவி பாயிண்ட்ல இருந்து இழுத்துக் கொடுக்குற எலக்ட்ரீஷியனை வேலையே செய்ய விடாதீங்க. வீடு மாறுறப்ப மெக்கானிக்கை பம்ப் டவுன் பண்ணிக் கழட்டச் சொல்லுங்க, கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளயே பூட்டிக்கும், இல்லன்னா புது வீட்ல திரும்ப கேஸ் அடிக்கிற செலவு.

கேள்வி: ஆவடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரே ரூம், 72 வயசு மாமியார் பகல்ல தனியா இருக்காங்க. பயமா இருக்கு அக்கா. (வாசகி, ஆவடி)

பதில்: பயப்படுறது நியாயம்தான்மா. ஷீட் வீடு கான்கிரீட்டுக்கு நேர் எதிர், வெயில் வந்த உடனே சூடாகும், ராத்திரி சீக்கிரம் ஆறிடும். அதனால உங்களுக்கு ஆபத்து 11ல இருந்து 4 வரைக்கும். அந்த நேரம் அவங்களை அந்த ரூம்ல வைக்காதீங்க, கீழ் வீட்டுத் திண்ணையோ பக்கத்துல மாடி வீடோ கோயில் மண்டபமோ எங்கயாவது நிழல்ல உக்கார வைக்க அக்கம்பக்கத்துல வெக்கப்படாம கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. ஷீட்டுக்கு மேல வெள்ளை அடிச்சா நல்ல வித்தியாசம் தெரியும், ஆனா யாரையும் ஷீட் மேல ஏற விடாதீங்க, உடைஞ்சு விழுந்துடுவாங்க, பக்கவாட்டுல ஏணி போட்டு நீள ரோலர்ல அடிக்கச் சொல்லுங்க. தேய்க்கிறது, ஓட்டை போடுறது கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உள்ள தெர்மாகோல் ஒட்டுறதும் வேணாம், கேஸ் அடுப்பு இருக்குற ஒத்தை ரூம்ல தீப்பிடிச்சா தப்பிக்க முடியாது.

தாகம் எடுக்கலன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் மோரோ நீராகாரமோ கொடுக்கச் சொல்லுங்க, இதயத்துக்கோ கிட்னிக்கோ மாத்திரை சாப்பிடுறவங்கன்னா உப்பும் தண்ணியும் எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டுக்கங்க. ரூம் 40 டிகிரியைத் தாண்டுச்சுன்னா வெறும் ஃபேன் உதவாது, ஈரத்துணியால கை கால் கழுத்தைத் துடைச்சு விட்டுத்தான் ஃபேன் போடணும். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாம உளறினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க, 108க்கு போன் பண்ணிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிழல்ல படுக்க வச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. மயக்கமா இருந்தா வாயில மட்டும் எதுவும் ஊத்தாதீங்க. அந்த நம்பரை மாமியார் போன்லயும் பக்கத்து வீட்டுக்காரங்க போன்லயும் இன்னைக்கே போட்டு வைங்க.