சி.இ.ஏ. ஏறினால் பயப்பட வேண்டுமா? பெருங்குடல் புற்றுநோய் கேள்வி-பதில்

முழு உடல் பரிசோதனையில் சி.இ.ஏ. 6.2 என்று வந்திருக்கிறது. 5-க்குள் இருக்க வேண்டுமாம். புற்றுநோயா, டாக்டர்?
– மாட்டுத்தாவணி வாசகர்

சி.இ.ஏ. என்பது ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம்; குடல் புற்றுநோயில் ஏறலாம், வேறு காரணங்களாலும் ஏறலாம். பீடி, சிகரெட் உண்டா? புகைப்பவர்களுக்கு இது சற்று ஏறியே இருக்கும். கல்லீரல் கோளாறு, கணைய அழற்சியிலும் ஏறும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் உள்ள பலருக்கோ 5-ஐத் தாண்டவே தாண்டாது. இதை ஏன் 'பேக்கேஜில்' சேர்க்கிறார்கள் என்பது லேப்காரர்களுக்கே வெளிச்சம். சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடைக்குறைவு இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் கொலோனோஸ்கோபி (கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் அப்பாவின் சி.இ.ஏ. 38. பத்தாம் நாள் 11. கட்டி மிச்சம் இருக்கிறதா?
– மேலூர் வாசகி

அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். சாதாரண அளவுக்கு இறங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதன் பிறகும் இறங்காவிட்டால்தான் ஸ்கேன். அப்புறம் முதல் 2 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இதன் உண்மையான பயன் அங்கேதான்: அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போனால், நோய் திரும்பியிருக்கலாம் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் ஏறினால் அதை நம்பி மருந்தை மாற்ற வேண்டாம்.

ஸ்கேனில் இரண்டாம் நிலை என்றார்கள். ஆபரேஷன் முடிந்ததும் மூன்றாம் நிலையாம். அதற்குள் பரவிவிட்டதா?
– உசிலம்பட்டி வாசகர்

இல்லை. ஸ்கேன் சொல்வது மதிப்பீடு. வெட்டியெடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதே தீர்ப்பு. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 'பி.டி.3, என்.1ஏ, 1/14' என்று இருக்கிறது. 'டி.3' என்றால் கட்டி குடலின் தசைச்சுவரைத் தாண்டிவிட்டது. 'என்.1ஏ, 1/14' என்றால் குடலை ஒட்டிய 14 நிணநீர்க்கணுக்களைத் தேடி எடுத்துப் பார்த்ததில் ஒன்றில் புற்றுநோய். அந்த ஒன்றுதான் உங்களை மூன்றாம் நிலைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு சின்னதை ஸ்கேன் தவறவிடுவது சகஜம். குறைந்தது 12 கணுக்களாவது பார்த்திருக்க வேண்டும், உங்களுக்குப் பார்த்திருக்கிறார்கள். சி.இ.ஏ. எண்ணுக்கும் இந்த நிலைக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. இனி கீமோ தேவைப்படும், தள்ளிப்போடாதீர்கள்.

சி.இ.ஏ. போலவே ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 பரிசோதனையும் எடுக்க வேண்டுமா?
– திருமங்கலம் வாசகர்

குடல் புற்றுநோய்க்கு வழக்கமாக வேண்டியதில்லை. காசு மிச்சம்.

அம்மாவுக்குக் குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி இரண்டு கட்டி, நான்காம் நிலை. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க' என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– சோழவந்தான் வாசகி

சொந்தக்காரர்கள் ஸ்கேனைப் பார்த்தார்களா? கல்லீரலோடு நிற்கிற ஓரிரு கட்டிகளைச் சிலருக்கு வெட்டி எடுக்க முடியும், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கியாவது. அதன்பின் பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி. தட்டோடு கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவரைப் பாருங்கள். பயாப்சி செய்த லேபில் மெழுகு பிளாக்கையும் (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு அது வேண்டும்.