பில்லில் 15 லிட்டர், வண்டிக்குள் எவ்வளவு?

கேள்வி: 'இந்த கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம், மாற்றவே வேண்டாம்' என்கிறார் சர்வீஸ் அட்வைசர். நம்பலாமா? – மாதவரம்

பதில்: வண்டியோடு கொடுத்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். அதில் கிலோமீட்டர் போட்டிருந்தால் மாற்றுங்கள். வாய்வார்த்தைக்கு வாரண்டி கிடையாது.

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு பத்து சக்கர லாரி, நானே ஓட்டுகிறேன். டீலர் சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸ் ஆயில், பின் அச்சில் உள்ள கிரவுன் ஆயில் இரண்டும் மாற்றினேன். மூன்றாம் நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வண்டிகளோடு வரிசையில் நிற்கும்போது அடியில் ஆயில் சொட்டுகிறது. கியரும் முன்பு போல விழவில்லை. போய்க் கேட்டால், 'சீல் பழசு, அது உங்க வண்டி கோளாறு' என்கிறார்கள். – மணலி

பதில்: ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தின் கோளாறா, செய்த வேலையின் கோளாறா என்பதை ஆயில் சொட்டும் இடமே சொல்லிவிடும். கியர்பாக்ஸ் அடிப்பக்கத்தைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அட்டையை விரித்துப் போட்டு அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள். அதிகம் ஒழுகினால் ஓட்டவே வேண்டாம், நின்ற இடத்திலேயே பாருங்கள். ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரமாக இருந்தால் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செம்போ அலுமினியமோ, அந்த வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும், மறுமுறை அடைக்காது. சில ரூபாய் சாமான். அதை மிச்சம் பிடித்துவிட்டு, ஒழுகுகிறதே என்று போல்ட்டை வெறிபிடித்து முறுக்கினால் அலுமினிய ஹவுசிங்கில் மரையே போய்விடும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் பின் ஃபிளாஞ்ச் பக்கமோ, முன்னால் கிளட்ச் ஹவுசிங் பக்கமோ சொட்டினால் லெவலைப் பாருங்கள். சமதரை, என்ஜின் ஆஃப், சக்கரத்துக்கு அடைக்கல். பத்து நிமிடம் ஆயில் இறங்கட்டும். பக்கவாட்டு லெவல் போல்ட்டைக் கழற்றினால் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். கொட்டினால் அதிகம், விரலை மடக்கி விட்டும் எட்டவில்லை என்றால் குறைவு. அதிகமானால் நுரைத்து, சூடேறி, சீலைத் தாண்டி வரும். லெவல் சரியாக இருந்தும் கசிந்தால் மேலே உள்ள பிரீதரை, அதாவது காற்றுப்போக்கியைப் பாருங்கள். நம் துறைமுகச் சாலைப் புழுதியில் அது அடைத்துக்கொள்ளும். உள்ளே சூட்டில் விரியும் காற்றுக்கு வேறு வழியில்லை, சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். இரண்டும் சரி, அப்போதும் கசிகிறது என்றால் மட்டும் சீலைப் பழி சொல்லலாம்.

கியர் முரண்டுவது வேறு கதை. எனக்குச் சந்தேகம் அந்தக் கிரவுன் ஆயில் மேல். கிரவுனுக்கு ஜிஎல்-5 கிரேடு ஆயில். கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பல கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4. ஒரே பேரலில் இருந்து இரண்டுக்கும் ஊற்றினால் ஜிஎல்-5இன் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் நாளடைவில் பித்தளையை அரிக்கும். வழுவழுப்பு கூடுதலானால் சின்க்ரோ பிடிக்காமல் கியரும் உரசும். ஜிஎல்-5ஐ ஏற்கும் பெட்டிகளும் உண்டு. உங்கள் வண்டிக்கு என்ன என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு பில்லை எடுங்கள். இரண்டு ஆயிலும் ஒரே வரியில், கிரேடு இல்லாமல் இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

வெளி மெக்கானிக்கை இப்போது கை வைக்க விடாதீர்கள். விட்டால் 'வெளியாள் தொட்டுவிட்டான்' என்று அவர்கள் கை கழுவிவிடுவார்கள். லெவல் போல்ட் திறந்த நிலை, சொட்டும் இடம், ஓடோமீட்டர் மூன்றும் ஒரே வீடியோவில் வரட்டும். அதோடு சர்வீஸ் மேனேஜருக்கும் வண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் போடுங்கள். சரியான ஆயில், புது வாஷர், கூலி இல்லாமல், உங்கள் கண் முன்னால் என்று கேளுங்கள். வடிக்கும்போது ஒரு சுத்தமான பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து மூடி வையுங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை. வடித்த ஆயிலில் தங்கப்பொடி மாதிரி மினுங்கினால் பித்தளை தேய்கிறது. சில்லு வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 'லாரி வணிகத்துக்கானது, இவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு எழும். பிழைப்புக்காகத் தானே லாரி ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி இன்ஜினீயரிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது. உதவிக்கு ஒருவர் கூட வந்தாலும் கெடாது. முழுக்க வேறொருவர் ஓட்டினால்தான் சிக்கல். உங்கள் ஓட்டுநர் உரிமம், பெர்மிட், கடன் தவணைச் சீட்டு மூன்றையும் மனுவோடு வையுங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸுக்கு 12 லிட்டர் என்று கையேடு சொல்கிறது. பில்லில் ஐந்து லிட்டர் கேன் மூன்று. மீதி எங்கே என்று கேட்டேன், சிரித்தார்கள். – திருவொற்றியூர்

பதில்: சிரிப்பார்கள், அது தினப்படி வருமானம். நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. மூன்று கேனுக்குப் பணம் கட்டினால் மூன்று கேனும் உங்களுடையது. மிச்சம் மூன்று லிட்டர் மூடியோடு உங்கள் கேபினுக்கு வர வேண்டும். பேரலில் இருந்து அளந்து ஊற்றுகிற இடமானால் பில்லும் 12 லிட்டருக்குத்தான். அந்த மூன்று லிட்டர் அடுத்த வண்டிக்குப் போகிறது, அவரிடமும் முழுக் கேனுக்குப் பணம் வாங்குகிறார்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: இரண்டு கேனோடு நிறுத்திவிட்டு மூன்றுக்கு பில். அங்கே திருடு போவது ஆயில் மட்டுமில்லை, கூடவே பேரிங்கும் போகும். ஆகவே காலிக் கேனைக் கேட்டு வாங்குங்கள். சீல் உங்கள் முன்னால் உடையட்டும், லெவல் போல்ட்டில் ஆயில் எட்டியதைப் பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். 'வேலை நடக்கிற இடத்துக்குள்ளே கஸ்டமருக்கு அனுமதி இல்லை' என்றால் போனில் வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் லிட்டரும் கிரேடும் எழுதாத இடத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. பில்லில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால் அதையும் பிரித்துக் கேளுங்கள். அரைக் கந்தல் துணிக்கு முந்நூறு ரூபாய் போட்ட பில்லை நானே வாயை மூடிக்கொண்டு கட்டியிருக்கிறேன்.

கேள்வி: ரெட்ஹில்ஸ் பக்கம் பாதி விலைக்கு லூஸ் ஆயில் கிடைத்தது, குட்டி யானைக்கு ஊற்றினேன். இப்போது கியர் கரகரவென்கிறது. பில் வாங்கவில்லை. என்ன கிரேடு என்று கேட்கவில்லை. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: என்ன வாங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஆணையத்தில் எதைக் காட்டுவீர்கள்? இன்றைக்கே வடியுங்கள். அடுத்த முறை சீல் வைத்த கேன், பேட்ச் எண், பேக்கிங் மாதம், எம்ஆர்பி எல்லாம் பார்த்து பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம்தான், ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டுமே.

கேள்வி: யாரையும் நம்ப முடியவில்லை. ஆயிலை நானே மாற்றலாமா? முதலில் டீசல் ஊற்றிக் கழுவச் சொல்கிறார் நண்பர். – வியாசர்பாடி

பதில்: மாற்றலாம். டீசல் வேண்டாம், மூலைமுடுக்கில் தங்கி புது ஆயிலை நீர்க்க வைத்துவிடும். ஓட்டிவிட்டு வந்து சூடு இருக்கும்போதே வடித்தால் அழுக்கு தானே வரும், இருபது நிமிடம் சொட்டட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வடித்து முடித்த பிறகு அது சிக்கிக்கொண்டால் காலிப் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பீர்கள். போல்ட்டை, இறுக்கும் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள். ரெஞ்சை நடைபாதையில் வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கியது இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம். லோடு ஆட்டோவில் கியர் விழவில்லை. 'கியர்பாக்ஸ் போச்சு' என்று 22,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரே வாரத்தில் பழையபடி. வேறொரு மெக்கானிக் கிளட்ச் கேபிளை டைட் பண்ணினார், சரியாகிவிட்டது. பழைய பாகத்தைக் கேட்டால் தூக்கிப் போட்டாச்சாம். படிக்காதவள் என்று ஏமாற்றிவிட்டார்கள்.

பதில்: அம்மா, படித்தவர்களையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். என்ஜின் ஆஃபில் கியர் லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். கியர்பாக்ஸைத் திறக்கும் முன் அரை நிமிடத்தில் பார்த்திருக்க வேண்டிய சோதனை. கேபிளைச் சரிசெய்தவரிடம் என்ன கோளாறு, என்ன செய்தார் என்று இரண்டு வரி, தேதி, கையெழுத்தோடு வாங்குங்கள். அந்த 22,000க்கான பில்லோ, பணம் அனுப்பிய போன் பதிவோ எது இருந்தாலும் பத்திரம். 15100க்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள், மனுவையும் அவர்களே எழுதுவார்கள். அதுவரை அந்த ஒர்க்‌ஷாப்காரர் 'வாங்க, இன்னொரு தடவை பார்த்துத் தர்றேன்' என்று கூப்பிட்டால் வண்டியை அங்கே விடாதீர்கள்.