மகளின் பள்ளிக்கு மனு, மகனுக்கு வேன்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இப்போது 11 பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தது ஒரே ஒரு குழந்தை. அடுத்த ஆண்டு பள்ளியை மூடிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அங்கே போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். பள்ளி இருக்கும் இடமே என் மாமனாரின் தந்தை எழுதிக் கொடுத்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகவும் இருக்கிறேன். காலை ஏழே காலுக்கு, முதல் வகுப்பு படிக்கும் மகனைப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகு, நாலைந்து நாள் வீடு வீடாக அலைந்து 63 கையெழுத்து வாங்கி வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தேன். பதில் இல்லை. 'ஊர் வம்பு உனக்கெதற்கு' என்று கணவர் கோபப்படுகிறார். கலெக்டரிடம் போகட்டுமா, விட்டுவிடட்டுமா?
வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அம்மா, கலெக்டரிடம் போவதைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் கடந்து போக முடியவில்லை. மகனை வேனில் ஏற்றிவிட்ட பிறகு கையெழுத்து வாங்கப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்துக்குக் கிளம்பினீர்கள் என்று சொல்வதற்காகவே அந்த வேனைக் குறிப்பிட்டீர்கள். ஆனால் உங்கள் பள்ளி ஏன் மூடப்படப் போகிறது என்பதற்கான காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் ஒரே ஒரு குழந்தை என்று வருத்தப்படுகிறீர்கள். உங்கள் மகனும் முதல் வகுப்புதான். அவன் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருந்தால் அந்த எண்ணிக்கை இரண்டாகியிருக்கும், பதினொன்று பன்னிரண்டாகியிருக்கும், அதைவிட முக்கியமாக, அந்த ஒரு பிள்ளை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் வருகைப் பதிவேட்டில் இருந்திருப்பான். உங்கள் மகள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே போய்விடுவாள். ஒரு தொடக்கப்பள்ளியின் ஆயுளை அலுவலகத்தில் கணக்கிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது முதல் வகுப்புச் சேர்க்கையைத்தான். பள்ளியை விட்டுப் போகப் போகிற பிள்ளைக்காக மனு எழுதிய நீங்கள், பள்ளியைத் தாங்கியிருக்கக் கூடிய பிள்ளையை டவுனுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

இரண்டு கிலோமீட்டர் தொலைவு உங்களை அச்சுறுத்துகிறது. நெடுஞ்சாலையைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றியவள் என்ற முறையில், சாலையோரம் நின்று பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிட்ட காலைப்பொழுதுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் ஐந்தரை வயதுப் பையனை விடியற்காலையில் எழுப்பி, தூக்கக் கலக்கத்திலேயே நான்கு வாய் ஊட்டி, அதே நெடுஞ்சாலையில் பதினான்கு கிலோமீட்டர் அனுப்புகிறபோது தொலைவு உங்களுக்கு ஒரு கேள்வியாகவே வரவில்லை. மகனின் எதிர்காலத்துக்காக என்றால் தொலைவைத் தாங்கிக்கொள்கிறோம். மகளுக்கென்று வரும்போது பக்கத்திலேயே கிடைப்பது போதும் என்று நினைக்கிறோம். இந்த வேறுபாட்டை உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலே அது உங்கள் மகளுக்குத் தெரியும்.

தினமும் காலையில் அவள் என்ன பார்க்கிறாள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தம்பிக்கு ஷூ, டை, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்து, வேன் ஹாரன் அடித்ததும் வீடே வாசலுக்கு ஓடுவதை அவள் பார்க்கிறாள். அந்தப் பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு அவள் தன் பையைத் தானே மாட்டிக்கொண்டு நடந்து போகிறாள். பள்ளியில் அவளுக்குக் காலை உணவு கிடைக்கிறது, மதியச் சத்துணவு கிடைக்கிறது, ஆசிரியர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இவை குறைந்த பேறுகள் அல்ல. ஆனால் தம்பிக்குப் பணம் கட்டி வாங்கும் கல்வி ஒன்று, தனக்குச் சும்மா கிடைக்கும் கல்வி ஒன்று என்று எட்டு வயதில் அவள் மனத்தில் பதிந்துவிட்டால், தான் எவ்வளவு மதிப்புள்ளவள் என்ற கணக்கும் கூடவே பதிந்துவிடும். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு விதமான பள்ளி என்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்வதில்லை. வசதி இருந்தால் இருவருக்கும் செய்யுங்கள். இல்லையென்றால் இருவரையும் ஒரே இடத்துக்கு அனுப்புங்கள். பெற்றோரின் முதல் கடமை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாமனாரின் தந்தை இடம் கொடுத்ததைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டிய செயல்தான். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950-களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடந்தன. அரசுப் பணத்துக்குக் காத்திருக்காமல் ஊர் மக்களே நிலம், கட்டடம், மேசை நாற்காலி, கரும்பலகை என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்துப் பெரியவர் எந்த ஆண்டில் எழுதிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிக் கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதற்காகவே கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு இன்று தேவைப்படுவது ஒரு பிள்ளை. அவருடைய கொள்ளுப்பேரனே அங்கே இல்லை என்றால், இடத்தின் பெயரால் உரிமை கேட்க உங்களுக்கு நாக்கு எழக்கூடாது.

அரசின் பங்கை நான் மறைக்கப் போவதில்லை. குழந்தைகள் குறைந்திருப்பது உண்மை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஆனால் குறைந்த குழந்தைகளையும் அரசுப் பள்ளி இழப்பது மூன்று வயதில். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்கேஜி என்று சேர்த்துக்கொள்கிறது; ஒன்றியத் தொடக்கப்பள்ளியோ ஐந்து வயது முடியும்வரை காத்திருக்கிறது. அதற்குள் வேனுக்கும் டைக்கும் பழகிய பிள்ளையை எந்தத் தாயும் திருப்பி அழைத்துவருவதில்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. உங்கள் ஊரைப் போன்ற சிறு ஊர்த் தொடக்கப்பள்ளிகளுக்கு அது எட்டவில்லை. இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் வழியாக, ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்து அதற்கான கட்டணத்தை அரசே ஏற்கிறது. தன் பள்ளி காலியாவதற்குத் தானே பணம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன்.

ஆனாலும் உங்கள் ஊருக்குள் எத்தனை வேன் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஏறும் பிள்ளைகளை எண்ணுங்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட 63 பேரில் எத்தனை பேர் வீட்டு வாசலில் அந்த வேன் நிற்கிறது என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். அந்த மனுவைக் கையில் வாங்கிய வட்டாரக் கல்வி அலுவலர் பேசாமல் இருந்ததன் காரணம் அப்போது புரியும். ஊரில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறது என்பது கல்வித் துறையின் எமிஸ் பதிவில் இருக்கிறது. உங்கள் மகன் பெயரும் அதில் இருக்கிறது.

மகனின் எதிர்காலம் என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் உள்ள 20 விழுக்காட்டு முன்னுரிமைக்கோ, 2020-இல் வந்த திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இன்று இருக்கும் அந்த உரிமை, இந்த ஜூன் மாதத்தோடு உங்கள் மகனிடமிருந்து விலகத் தொடங்கிவிட்டது. அவனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததில் அவன் எதை இழக்கிறான் என்பதைக் கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து ஒருமுறையாவது பேசினீர்களா?

பள்ளி இணைப்பு எல்லா இடத்திலும் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு திணறுவதையும், ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் தனியே நிற்பதையும், தன் வகுப்பில் தான் ஒருத்தியே என்று பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன். பதினொரு பிள்ளைகளோடு பள்ளி அப்படியே நீடிக்க வேண்டும் என்று கேட்பது அந்தப் பதினொரு பேருக்கும் நல்லதல்ல. இருபது, இருபத்தைந்து பிள்ளைகளோடு நீடிக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அதனால் அடுத்த முறை வீடு வீடாகப் போகும்போது கையெழுத்துத் தாளை எடுத்துப் போகாதீர்கள். அங்கன்வாடியில் இருக்கும் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மகனை நீங்கள் சேர்த்துவிட்ட பிறகு போங்கள்; அதற்கு முன்னால் போனால் ஒரு தாயும் உங்கள் பேச்சை நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்துகொண்டு மகனை வேனில்தான் அனுப்புவேன் என்றால், அந்த இடத்தை இரண்டு பிள்ளைகளையும் அங்கே படிக்கவைக்கும் ஒரு தாய்க்கு விட்டுக்கொடுப்பதே முறை. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று தீர்மானம் கேட்பதும் அப்படிப்பட்ட ஒருவர் கேட்டால்தான் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இணைப்பு ஆணை வந்தால், அப்போது கலெக்டரிடம் போங்கள். தொடக்கப்பள்ளி குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதி. அந்தத் தொலைவுக்குள் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து ஏற்பாடும் வழித்துணையும் கேட்கலாம். பொதுவாக எதிர்ப்புத் தெரிவிக்காமல், வண்டிக்கு ஏற்பாடு, சாலையைக் கடத்திவிட ஒரு ஆள் என்று இந்த இரண்டையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் கணவர் இதை ஊர் வம்பு என்கிறார். அவருடைய பாட்டனார் கொடுத்த இடம், அவருடைய மகள் படிக்கும் பள்ளி. இதில் ஊர் எங்கே வந்தது, வம்பு எங்கே வந்தது? அவர் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். வேனுக்கும் கட்டணத்துக்கும் அவர்தான் பணம் கட்டுகிறார் என்றால், மகனைத் திருப்பி அழைத்துவரும் முடிவும் அவருடைய வாயிலிருந்தே வர வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒன்று சரியில்லாமல் போனால் உங்கள் ஒருவர் தலையில் பழி விழக்கூடாது.

அடுத்த ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டின் நடுவிலும் பிள்ளையைச் சேர்க்கலாம். டவுன் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கத் தாமதித்தாலும், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பிறப்புச் சான்றையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் கணவனும் மனைவியுமாகப் போங்கள். மகளையும் தலைமையாசிரியர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பியின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும்போது அவள் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு அவன் வகுப்பறை எது என்று அவளே அவனைக் கூட்டிப்போய்க் காட்டட்டும்.